கிருமியின் தறியை அளந்த கதை

கல்முனைக் கடைத்தெருவிலுள்ள மருந்தகங்களில் நாள்தோறும் கைமாறும் மருந்துகளுள் அமொக்சிசிலினும் ஒன்று. காதில் சீழ் வடிதலுக்கும், தொண்டைப் புண்ணுக்கும், நெஞ்சில் சளி கட்டிய காய்ச்சலுக்கும் வைத்தியர்கள் அதனை எழுதிக் கொடுக்கின்றனர். பெரியோர்க்கு அது உறையிட்ட குளிசை. குழந்தைகளுக்கு இனிப்பான பாணி. பெனிசிலின் குடும்பத்தைச் சேர்ந்த இம்மருந்து உடலினுள் சென்று என்ன செய்கிறது என்று வினவினால், "கிருமியைக் கொல்கிறது" என்பதே பெரும்பாலார் தரும் விடை. விடை பிழையன்று, ஆனால் அது எவ்வாறு கொல்கிறது என்பதில்தான் சுவை இருக்கிறது. அமிலத்தைப் போல அது கிருமியை எரிப்பதில்லை. கிருமி தன்னைச் சுற்றிச் சுவர் எழுப்பிக்கொண்டிருக்கும் வேளையில், அச்சுவரைக் கட்டும் வேலையாட்களின் கைகளை அது இறுகப் பற்றிக்கொள்கிறது. அவ்வேலையாட்களே நொதியங்கள். எந்தச் சாதாரண நுணுக்குக்காட்டியாலும் காணவியலாத அந்த நொதியங்கள் ஒரு நிமிடத்தில் எவ்வளவு வேலை செய்கின்றன என்பதை மனிதர் அளந்திருக்கின்றனர். அவ்வாறு அளந்ததனாலேயே பெனிசிலினின் இரகசியம் வெளிப்பட்டது. இன்று அம்மருந்துகள் வலுவிழந்து வருங்காலையில், அடுத்த மருந்தைத் தேடுவோருக்கும் அதே அளவீடுதான் வழிகாட்டி.

முதலில் சுவரைப் பார்ப்போம். மருதமுனையின் கைத்தறியை அறியாதவர் நம் கரையோரத்தில் இலர். தறியில் நீளவாக்கில் ஓடுவது பாவு. குறுக்கே போய்வருவது ஊடை. பற்றீரியாவின் கலச்சுவரும் ஏறத்தாழ இம்முறையிலேயே அமைந்துள்ளது. இருவகை வெல்லங்கள் ஒன்றுவிட்டு ஒன்றாகக் கோக்கப்பட்ட நீண்ட சரங்களே அதன் பாவு. அச்சரங்களைக் குறுக்கே இணைக்கும் சிறு பெப்ரைட்டுத் துண்டுகளே ஊடை. இவ்விரண்டும் சேர்ந்த பொருளைப் பெப்ரிடோகிளைக்கன் என்று நம் உயர்தர வகுப்பு மாணவர்கள் படித்திருப்பர். ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. தறியில் ஊடை பாவினூடே வெறுமனே நுழைந்து செல்கிறது. இங்கோ ஒவ்வொரு சந்தியும் இரசாயனப் பிணைப்பால் முடிச்சிடப்பட்டுள்ளது. ஆகவே, துணி என்பதைவிட மீன்வலை என்று சொல்வதே பொருந்தும். அந்த வலையும் தையலோ விளிம்போ இன்றி, கலம் முழுவதையும் ஒரே மூலக்கூறாக மூடி நிற்கிறது.

இவ்வளவு உறுதி எதற்கு? கலத்தினுள் உப்புகளும் புரதங்களும் செறிந்திருப்பதால் வெளியிலுள்ள நீர் ஓயாது உள்ளே புக முயல்கிறது. புண்களில் சீழை உண்டாக்கும் ஸ்ரெபிலோகொக்கசு என்னும் பற்றீரியாவினுள் இவ்வழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப் போல் ஏறத்தாழ இருபது மடங்கென மதிப்பிடுகின்றனர். மோட்டார் வண்டிச் சக்கரத்தின் குழாயினுள் இருப்பதோ இரண்டு மடங்களவே. சுவரில் ஓரிடம் நைந்தால் கிருமி வெடித்துச் சிதறும். மனிதரின் கலங்களுக்கு இத்தகைய சுவர் இல்லை. ஆதலால் அதனைக் கட்டும் நொதியங்களும் நம்மிடம் இல்லை. பெனிசிலின் நம்மைத் தீண்டாது கிருமியை மட்டும் அழிப்பதன் காரணம் இதுவே.

இவ்விடத்தில் ஒன்றைச் சொல்லாது செல்லுதல் முறையன்று. தடிமனையும் சாதாரண இருமலையும் பெரும்பாலும் உண்டாக்குபவை வைரசுகள். அவற்றுக்கும் சுவர் கிடையாது. சுவரே இல்லாத பகைவனிடம், சுவர் கட்டுவதைத் தடுக்கும் மருந்தை ஏவி என்ன பயன்? மழைக்காலம் வந்ததும் வைத்தியரைக் காணாமலே மருந்தகத்தில் "அன்ரிபயோட்டிக்" கேட்டு வாங்கும் வழக்கம் நம்மூர்களில் வேரூன்றியிருக்கிறது. அவ்வாறு வாங்கியவற்றுள் எத்தனை குளிசைகள் வெறுமனே விழுங்கப்பட்டனவோ!

நிற்க, அளவீட்டுக்கு வருவோம். நூல் கொடுத்துத் துணி வாங்கும் வியாபாரி ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நெசவு நடக்கும் வீட்டினுள் நுழைய அவருக்கு அனுமதியில்லை. உள்ளே தறி எவ்வளவு விரைவாக ஓடுகிறது என்பதை அவர் எங்ஙனம் அறிவார்? கொடுத்த நூலில் எவ்வளவு குறைந்தது என்று நிறுத்துப் பார்க்கலாம். வெளிவந்த துணியை முழம்போட்டுப் பார்க்கலாம். இரண்டும் இயலாதெனின், வாசலில் கூட்டித் தள்ளப்பட்ட நூல்முனைகளை எண்ணிப் பார்க்கலாம். நொதியவியலார் கையாளும் வழிகள் யாவும் இம்மூன்றனுள் அடங்கும். நொதியம் எதன்மீது வேலை செய்கிறதோ அக்கீழ்ப்படை குறைவதை அளக்கலாம். விளைபொருள் கூடுவதை அளக்கலாம். தாக்கத்தின்போது உதிரும் சிறு துண்டை அளக்கலாம்.

மாணவர்களுக்கு இது புதிதன்று. மாப்பொருட் கரைசலில் அமிலேசைச் சேர்த்து, சிறிது நேரத்துக்கொருமுறை ஒரு துளி எடுத்து அயடீனுடன் சோதித்து, கருநீல நிறம் மறையும் நேரத்தைக் குறிக்கும் பரிசோதனையை அவர்கள் செய்திருப்பர். அது கீழ்ப்படை குறைவதை அளக்கும் முறை. ஆயினும், எப்போது அளப்பது என்பதும் முக்கியம். நூல் தீரும் தறுவாயில் நெசவாளி கைசோர்ந்திருப்பதைக் கண்டு அவனைச் சோம்பேறி என்று முடிவு செய்தல் நீதியாகுமா? நூல் நிறைந்திருக்கும் முதற்சில நிமிடங்களின் வேகமே அவனுடைய உண்மையான வேகம். இதனை ஐயந்திரிபறக் காட்டியவர்கள் 1913ஆம் ஆண்டில் பேர்லின் நகரில் ஆராய்ந்த லியோனோர் மிக்கேலிசும், கனடாவிலிருந்து சென்ற மோட் மென்ரன் அம்மையாரும் ஆவர். கரும்பு வெல்லத்தைப் பிளக்கும் நொதியத்தை வைத்து அவர்கள் வகுத்த கணக்கே இன்றும் நொதிய அளவீடுகளுக்கு அடித்தளம்.

அலெக்சாண்டர் பிளெமிங் 1928ஆம் ஆண்டில் பெனிசிலினைக் கண்டதும், ஒக்ஸ்போர்டில் புளோரியும் செயினும் ஹீற்லியும் 1940ஆம் ஆண்டளவில் அதனை மருந்தாக்கியதும் பலரும் அறிந்த வரலாறு. ஆனால் மருந்து கைக்கு வந்து பல்லாண்டுகள் சென்ற பின்னரும், அது கிருமியின் எந்த உறுப்பைத் தாக்குகிறது என்பது தெரியாமலே இருந்தது. முதற்றடயம் 1949ஆம் ஆண்டில் அமெரிக்காவில் கிடைத்தது. ஜேம்ஸ் பார்க் என்னும் ஆராய்ச்சியாளர் பெனிசிலின் ஊட்டப்பட்ட ஸ்ரெபிலோகொக்கசினுள் ஒரு விசித்திரப் பொருள் மலைபோற் குவிவதைக் கண்டார். அது என்னவென்று பகுத்தறிய அவருக்கு மேலும் சில ஆண்டுகள் சென்றன. ஒரு வெல்லமும் அதனோடு சில அமினோ அமிலங்களும் சேர்ந்த பொருள் அது. 1957ஆம் ஆண்டில் பார்க்கும் ஜாக் ஸ்ரோமிஞ்சரும் அப்பொருளின் உறுப்புகளையும் கலச்சுவரின் உறுப்புகளையும் அருகருகே வைத்து ஒப்பிட்டனர். இரண்டும் பொருந்தின. வாசலில் நூல் குவிந்து கிடக்கிறது, துணியோ வெளிவரவில்லை, ஆகவே தறிதான் நின்றுவிட்டது என்ற முடிவுக்கு விஞ்ஞான உலகம் வந்தது.

தறியின் எந்தப் பகுதி நின்றது? அதற்குக் கதிர்த்தொழிற்பாடுடைய காபன் 14 துணைபுரிந்தது. நூலுக்குச் சாயமிட்டுக் கொடுத்தால் அது துணியில் எங்கே, எவ்வளவு சேர்ந்தது என்று சாயத்தைக் கொண்டே அறியலாமல்லவா? காபன் 14 அத்தகைய சாயம். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் எண்ணும் கருவிக்குத் தெரியும். குறுக்குப் பிணைப்பு உண்டாகும் ஒவ்வொரு தடவையும் பெப்ரைட்டின் நுனியிலுள்ள டி-அலனின் என்னும் அமினோ அமிலம் ஒன்று உதிர்ந்து விழுகிறது. முடிச்சிட்ட பின் வெட்டி எறியப்படும் நூல்முனை போன்றது அது. 1966ஆம் ஆண்டில் ஸ்ரோமிஞ்சரின் ஆய்வுகூடத்தார், ஈ. கோலி பற்றீரியாவை உடைத்தெடுத்த மென்சவ்வுத் துண்டுகளைக் கொண்டு, உதிரும் டி-அலனினை அளந்தனர். சிறிதளவு பெனிசிலினைச் சேர்த்ததும் முடிச்சிடும் வேலை நின்றது.

இதில் ஒரு பொறி இருந்தது. ஆராய்ச்சியின் நுட்பம் அதில்தான் விளங்குகிறது. முடிச்சே போடாமல் நுனி டி-அலனினை மட்டும் வெட்டியெறியும் வேறொரு நொதியமும் அதே மென்சவ்வில் குடியிருந்தது! வாசலில் கிடக்கும் நூல்முனைகளை மட்டும் எண்ணியிருந்தால், சும்மா வெட்டுபவனையும் நெசவாளி என்றே கணக்கில் சேர்த்திருப்பர். எனவே உதிர்ந்ததையும் அளந்து, கட்டப்பட்ட சுவரையும் தனியே அளந்து, இரண்டையும் ஒப்புநோக்க வேண்டியதாயிற்று. ஒரே அளவீட்டை நம்பி முடிவு செய்தல் நொதிய ஆராய்ச்சியில் பேராபத்து.

பெனிசிலின் எங்ஙனம் கையைப் பிடிக்கிறது என்பதற்கு 1965ஆம் ஆண்டிலேயே ரிப்பரும் ஸ்ரோமிஞ்சரும் ஒரு விளக்கம் தந்திருந்தனர். பெப்ரைட்டின் நுனியில் அடுத்தடுத்து நிற்கும் இரண்டு டி-அலனின்களின் உருவத்தைப் பெனிசிலின் மூலக்கூறு ஒத்திருக்கிறது என்றனர். நொதியம் அதனை நூல் என்று நம்பிப் பற்றுகிறது. பற்றிய பின் விடுவிக்க இயலாமல் சிக்கிக்கொள்கிறது. இந்தச் சிக்கலே பின்னர் மற்றோர் அளவீட்டுக்கு வழியாயிற்று. கதிர்த்தொழிற்பாடுடைய பெனிசிலினைக் கொடுத்து, எந்தெந்தப் புரதங்கள் அதனைப் பிடித்து வைத்திருக்கின்றன என்று பிரித்துப் பார்க்கலாம். 1975ஆம் ஆண்டில் பிறையன் ஸ்பிராற் இவ்வாறு செய்து, ஈ. கோலியில் பெனிசிலினைப் பிடிக்கும் புரதங்கள் பல இருப்பதையும், ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கடமை உண்டென்பதையும் காட்டினார். ஒன்றைத் தடுத்தால் கோல் வடிவான கலம் உருண்டையாகிறது. வேறொன்றைத் தடுத்தால் பிளவுபடாமல் நூலிழைபோல் நீண்டுகொண்டே போகிறது. நம்மவர் நன்கறிந்த செபலெக்சின் மருந்து முதன்மையாய்த் தாக்குவது இப்பின்னதையே.

இன்று காபன் 14 இல்லாமலே பல அளவீடுகள் நடைபெறுகின்றன. சுவருக்கான பெப்ரைட்டை ஒவ்வோர் அமினோ அமிலமாகச் சேர்க்கும் நொதியங்கள் ஒவ்வொரு சேர்க்கைக்கும் ஒரு ஏ.ரி.பி. மூலக்கூறைச் செலவழிக்கின்றன, அப்போது பொசுபேற்று வெளிப்படுகிறது. அதனோடு மொலிப்டேற்றையும் மலக்கைற்றுப் பச்சை என்னும் சாயத்தையும் சேர்த்தால் கரைசல் பச்சையாகும். பச்சையின் செறிவே நொதியத்தின் வேகம். உதிரும் டி-அலனினையும் வேறிரு நொதியங்களின் உதவியால் நிறமாக மாற்றி அளக்கலாம். இவையெல்லாம் அயடீன் பரிசோதனையின் வளர்ந்த தம்பிமார் என்றே சொல்லலாம்.

ஆனால் சுவரின் பாவை, அதாவது வெல்லச் சரத்தை, கோக்கும் நொதியங்களை அளப்பது நெடுங்காலம் பெரும்பாடாக இருந்தது. அவற்றின் கீழ்ப்படை இலிப்பிட்டு இரண்டு எனப்படும் கொழுப்புவால் கொண்ட மூலக்கூறு. நீரிலும் ஒழுங்காய்க் கரையாது. ஒரு கலத்தில் ஓராயிரம் ஈராயிரம் மூலக்கூறுகளே இருக்கும். அவற்றைத் திரட்டுவது எங்ஙனம்? 2001, 2002ஆம் ஆண்டுகளில் இரசாயனவியலார் அதனை ஆய்வுகூடத்திலேயே முழுமையாகத் தொகுத்த பின்னரே வழி திறந்தது. அம்மூலக்கூறில் ஒளிரும் குஞ்சம் ஒன்றைக் கட்டி, சரம் கோக்கப்படக் கோக்கப்பட ஒளி குறைவதைப் பார்த்து வேகத்தைக் கணக்கிடும் முறையும் வந்தது. அளவீடு வளர்ந்ததன் பயன் 2016ஆம் ஆண்டில் தெரிந்தது. பெனிசிலினைப் பிடிக்கும் புரதங்களே சரங்களைக் கோக்கின்றன என்று பல்லாண்டாக நம்பியிருந்தனர். றொட்-ஏ என்னும், பெனிசிலினுக்குப் பிடிகொடாத வேறொரு புரதமும் அவ்வேலையைச் செய்கிறது என்பதை அமெரிக்காவில் ஹார்வர்ட் ஆராய்ச்சியாளர் நிறுவினர். தறி ஒன்றென்று நினைத்திருந்த வீட்டில் இன்னொரு தறியும் ஓடிக்கொண்டிருந்தது.

இவையெல்லாம் ஆய்வுகூட விநோதங்கள் என்று வாசகர் எண்ணிவிடலாகாது. நீரிழிவு நோயாளியின் காற்புண் ஆறாமல் சீழ்வைத்து, ஊசிமருந்து மாற்றி மாற்றி ஏற்றியும் பலிக்காமல், விரலையோ பாதத்தையோ அகற்ற நேர்ந்த கதைகள் நம் ஊர்களில் இல்லையா? சீழை எடுத்து வளர்த்து, மருந்து வில்லைகளைச் சுற்றிக் கிருமி வளராத வட்டம் எத்தனை மில்லிமீற்றர் என்று வைத்தியசாலை ஆய்வுகூடத்தில் அளப்பதும் இவ்வளவீட்டின் உறவினமே. வட்டம் சிறுத்தால் மருந்து அக்கிருமியிடம் தோற்றதென்று பொருள். தோல்விக்குக் காரணங்கள் பல. சில கிருமிகள் பெனிசிலினுக்கு எளிதில் பிடிகொடாத வேறொரு நொதியத்தைப் பெற்றுக்கொள்கின்றன; 1961ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் அறிவிக்கப்பட்ட மெதிசிலினுக்கு அடங்காத ஸ்ரெபிலோகொக்கசு அவ்வகையது. வேறு சில, பெனிசிலினை வெட்டி வீசும் நொதியத்தைச் சுரக்கின்றன. இந்நொதியத்தை ஏபிரகாமும் செயினும் 1940ஆம் ஆண்டிலேயே அறிவித்துவிட்டனர். மருந்து பரவலாக வழக்கத்துக்கு வருமுன்னரே அதன் பகைவன் தயாராயிருந்தான்! அதன் வேகத்தை அளக்க நைற்றோசெபின் என்னும் பொருள் பயன்படுகிறது. மஞ்சள் நிறமான அது வெட்டப்பட்டதும் சிவக்கும். சிவப்பு எவ்வளவு விரைவில் பரவுகிறதோ அவ்வளவு கொடியது அக்கிருமியின் கத்தி.

2019ஆம் ஆண்டில் மட்டும், மருந்துக்கு அடங்காத பற்றீரியாத் தொற்றுகளே நேர்க்காரணமாக உலகில் ஏறத்தாழ 12 இலட்சத்து 70 ஆயிரம் பேர் மாண்டனர் என்று பன்னாட்டு ஆய்வொன்று 2022ஆம் ஆண்டில் மதிப்பிட்டது. சுவர் கட்டும் நொதியங்களுள் இதுவரை மருந்து தொடாத கைகள் எவை என்று ஆராய்ச்சியாளர் தேடுவது இதனாலேதான்.

அத்தேடலில் நம் அண்டை நாட்டிலிருந்து வந்த கண்டுபிடிப்பு ஒன்று நம் உள்ளத்தைப் பெரிதும் கவர்ந்தது. ஐதராபாத்திலுள்ள கல, மூலக்கூற்று உயிரியல் ஆராய்ச்சி நிலையத்தின் விஞ்ஞானி மஞ்சுளா ரெட்டி கேட்ட கேள்வி மிக எளியது. கிருமி வளரவேண்டுமானால் அதன் சுவரும் பெரிதாக வேண்டும். சுவரோ விளிம்பில்லாத ஒரே வலை. விளிம்பில்லாத வலையில் புதுக்கண்களை எங்கே சேர்ப்பது?

கரைவலை பொத்தும் மீனவரைக் கேட்டால் விடை சொல்லிவிடுவார். கிழிசலைச் சுற்றியுள்ள கண்களை முதலில் வெட்டி ஒழுங்காக்க வேண்டும். அதன் பின்னரே புதுநூல் ஓடும். கலச்சுவரிலும் வெட்டிய பின்னரே கட்டமுடியும் என்று விஞ்ஞானிகள் நெடுங்காலம் ஊகித்தே வந்தனர். ஆனால் வெட்டுபவை எவை என்பது கைக்கு அகப்படவில்லை. ஒன்றை நீக்கினால் மற்றொன்று அதன் வேலையைச் செய்துவிடுவதே காரணம். ரெட்டியும் அவருடைய மாணவர்களும் 2012ஆம் ஆண்டில் ஈ. கோலியில் மெப்-எஸ், மெப்-எம், மெப்-எச் என்னும் மூன்று நொதியங்களை இனங்கண்டனர். குறுக்குப் பிணைப்பின் முடிச்சை அவிழ்ப்பதே இவற்றின் தொழில். மூன்றும் இல்லாத கலத்தில் புதிய சுவர்ப்பொருள் சேர்வது பெரிதும் குன்றியது. கலம் விரைவில் வெடித்து அழிந்தது.

இதனை எப்படி அறிவது? சுவரைத் தனியே எடுக்க வேண்டும். கலங்களைச் சவர்க்காரம் போன்ற பொருளில் கொதிக்க வைத்தால் மற்றவையெல்லாம் கரைந்துபோக, வெறும் வலை மட்டும் கலத்தின் உருவம் மாறாது எஞ்சும். அவ்வலையைச் சரம் வெட்டும் நொதியத்தால் துண்டாக்க வேண்டும். (கண்ணீரிலும் கோழிமுட்டையின் வெள்ளைக்கருவிலும் இத்தகைய நொதியம் ஒன்று உண்டு, அதனைக் கண்டவரும் பெனிசிலினின் பிளெமிங்கே.) துண்டுகளை உயரழுத்தத்தில் மெல்லிய குழாயினூடே செலுத்தினால், தனித்துண்டு முந்தியும் முடிச்சோடு கூடிய இரட்டைத்துண்டு பிந்தியுமாக ஒவ்வொன்றும் தனக்குரிய வேளையில் வெளிவரும். தூய்மையாக்கிய மெப்-எஸ்சை இரட்டைத்துண்டுகளோடு சேர்த்து வைத்து, அவை குறைந்து தனித்துண்டுகள் கூடுவதைக் கண்டால், அதன் தொழில் வெட்டுவதே என்பது உறுதியாகிறது. நூலையும் துணியையும் நிறுத்துப் பார்த்த வியாபாரியின் கணக்கே இதுவும். தராசு மட்டுமே நுண்ணியது. சுவர் பற்றிய இப்பணிக்காக ரெட்டிக்கு 2019ஆம் ஆண்டின் இன்போசிஸ் பரிசு வழங்கப்பட்டது.

வெட்டுகிற கத்தரியைக் கட்டுப்பாடின்றி விட்டால் வலையே நாசமாகும் அன்றோ? கிருமி அதற்கும் ஏற்பாடு செய்திருக்கிறது. 2015ஆம் ஆண்டில் அதே ஆய்வுகூடத்தார் மெப்-எஸ்சின் அளவைக் கலம் வளரும் வெவ்வேறு கட்டங்களில் அளந்தனர். விரைந்து வளரும் கலத்தில் அது நெடுநேரம் நிலைப்பதில்லை. பிறந்த சில நிமிடங்களிலேயே, பி.ஆர்.சி. என்னும் மற்றொரு நொதியம் என்.எல்.பி.-ஐ என்னும் துணைப்புரதத்தின் உதவியோடு அதனைத் துண்டாடி ஒழிக்கிறது. பி.ஆர்.சி.யை நீக்கிவிட்டாலோ மெப்-எஸ் மிகுந்து தேங்குகிறது. அத்தகைய கலங்கள் உப்புக் குறைந்த ஊடகத்தில், வெப்பம் கூடிய நிலையில், வளரமாட்டா. அவற்றிலிருந்து மெப்-எஸ்சையும் சேர்த்து நீக்கினால் மீண்டும் வளர்கின்றன.